ஆறு மணிக்குள்

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயரைக் கூவி ஆள் பிடிக்கிற வேலை அன்று விடிகாலையில் கண்டக்டர்களுக்கு இல்லை. ஆட்கள்தான் பஸ்ஸுக்கு பஸ் ஓடி, "நாமக்கல்லுங்களா, ராசிபுரமுங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரோடு என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சட்டென்று வந்தது. "ஈரோட்டுக்குள்ள வுட மாட்டாங்க. பள்ளிபாளையத்தோட சரி. அதுக்கு மேல பாலம் தாண்டறது உங்க பாடு."

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. கொரோனாவுக்காக அன்று மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 தடையுத்தரவு என்று முந்தின நாள் அறிவித்திருந்தார்கள். மாவட்ட எல்லைகளை மூடிவிடுவார்கள், பஸ் ஓடாது, மார்ச் 31 வரை இப்படித்தான் என்றது அறிவிப்பு. ரயில் ஞாயிற்றுக்கிழமையே நின்றுவிட்டது. சென்னையில் இருந்த சேலம், நாமக்கல்காரர்கள் பாதிப் பேராவது திங்கள் இரவு கோயம்பேட்டில்தான் இருந்திருப்போம். தள்ளி நில்லுங்கள் என்று போலீஸ் கத்திக்கொண்டிருந்தது. தள்ளி நின்றவனுக்கு சீட் இல்லை.

நான் கிளம்பியதற்கு அக்காவின் போன்தான் காரணம். அவள் மகள் நாமக்கல் ரோட்டில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் டூ. கடைசிப் பரீட்சை, வேதியியல், அன்றைக்கு. பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். மாமா மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், பார்வையும் மங்கல். அவரை ரோட்டுக்கு அனுப்ப முடியாது. "நீ வந்து பாப்பாவக் கூட்டியாந்துரு கண்ணு. மாடு இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுரும், நான் அசைய முடியாது" என்றாள்.

திருச்செங்கோட்டு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, பையைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். சேலைத் தலைப்பை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். மூக்கை மூடினாரே தவிர பேச்சை மூடவில்லை. சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு என்று மூன்று மாவட்டங்களை முடக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை மத்திய அரசு பட்டியல் போட்டிருந்தது. அதில் ஒன்றிலிருந்து நான் வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஈரோட்டில் தாய்லாந்துக்காரர்கள் இரண்டு பேருக்கு நோய் உறுதியான சேதி காவிரிக்கு இந்தப் பக்கமும் வந்துவிட்டிருந்தது. "ஆத்துக்கு அக்கட்டால வந்தாச்சு, இக்கட்டால வர எத்தன நேரமாகும்?" என்று என்னையே கேட்டார்.

அவர் இளம்பிள்ளைக்காரர். தறியில் நெய்து, மடித்து, கடைக்கு அடுக்குகிற வேலை குடும்பத்தோடு. சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு என்று நெய்த சேலை முழுக்க ரேக்கில் இருக்கிறதாம். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆள் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிற மாதம் இது. "கட்டிக்கறவங்க இல்லாம சேல மட்டும் இருந்து என்ன பண்றதுங்க? கல்யாணத்தையே தள்ளி வெக்கறாங்க." காக்காபாளையத்தில் இறங்கும்போது, "பத்தரமாப் போங்க அம்மிணி, வூட்டுக்குப் போனதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மகுடஞ்சாவடி, வைகுந்தம். வழியில் குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரம் கட்டி நின்றது. மரவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிடுங்கின கிழங்கை ஓரிரு நாளில் சேகோ பேக்டரியில் அரைத்துப் பால் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே கறுத்துப்போகும், மாவுச்சத்தும் இறங்கிவிடும். பேக்டரி எடுக்குமா எடுக்காதா என்று டிரைவர் யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ரோட்டிலிருந்து பிரிந்து போனால் அப்போதைய முதலமைச்சரின் எடப்பாடி. அறிவிப்பு எந்த ஊர்க்காரர் வாயிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பக்கத்துக் கிழங்குதான் அது.

சங்ககிரியில் பஸ் நெடுநேரம் நின்றது. அன்று பங்குனி அமாவாசை. லாரிப் பட்டறைகளின் முன்னால் வரிசையாகப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சங்ககிரியில் அமாவாசை என்றால் அது வண்டிகளுக்குத்தான். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகக் கட்டி, பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமமும் சில்லறையும் திணித்து, சூடம் ஏற்றி வண்டியை மூன்று சுற்று சுற்றி, சக்கரத்துக்கு முன்னால் ஓங்கி அடிப்பார்கள். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் இரண்டு லாரிக்கும் சேர்த்து ஒரே காயைச் சுற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற கண்டக்டர் தெரிந்தவர் போலிருக்கிறது. "மத்த ரெண்டு வண்டி எங்கீங்ணா?"

"ஒண்ணு குசராத்துல லோடோட நிக்குது. எறக்க ஆளில்லயாமா. இன்னொண்ணு எங்க நிக்குதுன்னே தெரியல, டிரைவர் போன எடுக்க மாட்டேங்கறான். நேத்து ராத்திரி புனே தாண்டிட்டேன்னான்."

"அப்பறம் எதுக்கு இதுங்களுக்குச் சுத்தறீங்க, இதுங்க எங்கயும் போகலயே?"

"டியூ போகுதல்ல" என்றார் அவர். காயைப் போட்டு உடைத்தார்.

அவர் சொன்னது விளையாட்டில்லை. இங்கே ஒரு வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 27ஆம் தேதி. தள்ளிவைத்தது தவணையைத்தான், வட்டியை இல்லை. ஊர் பைனான்ஸில் கைமாற்றாக எடுத்ததற்கு அதுவும் கிடையாது.

சேலம் நாமக்கல் சமவெளிக்கு மேட்டூர் அணையும் கொல்லிமலையும் அடையாளம் என்று புத்தகத்தில் போடுவார்கள். என்னைக் கேட்டால் சக்கரம்தான். மழை குறைச்சல், கிணறு ஆழம், மானாவாரிக் காடு. நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாதவர்கள் லாரி வாங்கினார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், தென்னிந்தியாவுக்கே சமையல் எரிவாயு கொண்டுபோகிற நாமக்கல் டேங்கர்கள், முட்டை வண்டிகள். எந்த வீட்டிலும் ஒரு ஆள் லைனில் இருப்பார். வீட்டிலேயே இருங்கள் என்று டிவியில் சொன்னபோது இங்கே பல வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஆளே இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் பயம் இரண்டாவதுதான். வெளியில் நிற்கிற ஆள் எந்த மாநிலத்தில், எந்தப் பெட்ரோல் பங்கில், யார் கையால் சோறு தின்கிறான் என்பதுதான் முதல்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. ஒரு குண்டாவில் மஞ்சள் தண்ணீர். அம்மா தொலைவிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "தொட்டிக்கிட்டப் போய்த் தண்ணி ஊத்திக்கிட்டு வா சாமி. துணிய அங்கயே நனச்சுப் போட்டுரு." இளம்பிள்ளை அம்மா சொன்னதையே சொன்னாள். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், அதைப் பார்த்ததும் விருந்தாளி திரும்பிப் போவதும் அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது. ஊரில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்றும் ஒரு கட்டு உண்டு. ஆகவே ஊரடங்கு அவளுக்குப் புதிதாகத் தெரியவில்லை. கடுப்பெல்லாம் வேறு. "பூச்சாட்டறதுக்கு முன்னாலயே கட்டுப் போட்டுட்டானுங்க, நோம்பியே இல்லாத கட்டு இது. நெறமாசமா மாடு நிக்குது, டாக்டர் வருவாரா மாட்டாரா?"

மாட்டைச் சுற்றித்தான் அந்த வீடு நடந்துகொண்டிருந்தது. அக்கா கட்டுத்தரையில் உட்கார்ந்தபடியே போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு போன் தீவனக் கடைக்கு: தவிடு, பருத்திக்கொட்டை இருக்கா, மூட்டை என்ன விலை. ஒன்று பால் சொசைட்டிக்கு: நாளைக்கு எடுப்பீங்களா. டீக்கடைகளை மூடினால் தனியார் பால்காரர்கள் எடுப்பதைக் குறைத்துவிடுவார்கள், அப்போது எல்லோரும் சொசைட்டியில் வந்து நிற்பார்கள் என்பது அவள் கணக்கு. அது அப்படியே பிறகு நடந்தது. நடுவே குழுக்காசுக்காரர் போன். மகளிர் குழுக் கடன், செவ்வாய்தோறும் வசூல். நேரில் வர மாட்டேன், போனில் அனுப்பிவிடுங்கள் என்றார் அவர். "கொரோனாவுல நீங்க வர மாட்டீங்க, காசு மட்டும் வரோணுமா?" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வைத்த பிறகு சிரிப்பு இல்லை.

மாமாவின் போன் ஒன்பதரைக்கு வந்தது. சிந்த்வாரா பக்கம் ஒரு கிராமம். ரிக் வண்டி என்பது ஒரு வண்டி இல்லை, ஜோடி. துளை போடும் வண்டி ஒன்று, பைப்பும் கம்ப்ரசரும் சுமக்கிற வண்டி ஒன்று. டிரைவர், டிரில்லர், பைப் மாட்டுகிற பையன்கள், சமையல்காரர் என்று ஒரு செட்டே கூடப் போகும். அடிக்கு இவ்வளவு என்று கூலி. கிணறும் குளமும் வற்றுகிற மாசி தொடங்கி வைகாசி வரைதான் ஓட்டம். அந்த நாலு மாசத்தில் சம்பாதிப்பதைக் கொண்டுதான் டீசல் பாக்கி, வண்டித் தவணை, பிள்ளைகளின் ஹாஸ்டல் பீஸ் எல்லாம். ஊரடங்கு சரியாக நடு சீசனில் விழுந்தது. திருச்செங்கோட்டில் மழைக்காலத்தில் ரிக் வண்டிகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கும். அன்று அந்த இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. எல்லாம் வடக்கே.

மாமாவும் இன்னும் இரண்டு பேரும் பங்கு போட்டு எடுத்த வண்டி. பைப் மாட்டுகிற பையன்கள் சத்தீஸ்கர்க்காரர்கள். "பசங்களுக்கு இங்கிருந்து ஊரு கிட்டத்துலதான், நடந்தாவது போயிருவோம்ங்கறானுங்க. எனக்குத்தான் தூரம்" என்றார். பாதி போட்ட துளை ஒன்று இருந்தது. காசு கொடுக்க வேண்டிய விவசாயி, போலீஸ் வந்து விரட்டியதும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

"கெளம்பி வந்துருங்க" என்றாள் அக்கா.

"வண்டிய வுட்டுட்டா?"

அதற்கு அக்காவிடம் பதில் இல்லை. சிந்த்வாராவுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ரிக் வண்டி அதன் எடைக்கு வெறும் ரோட்டிலேயே மெதுவாகத்தான் உருளும். "பாப்பா பரிச்ச எழுதப் போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு, என்னிடம் கொடுக்கச் சொல்லி, "ஸ்கூட்டில வேகமாப் போகாத" என்றார். பிறகு போன் கட்டானது.

வேதியியல் பரீட்சை அன்று பத்தரைக்குத்தான் தொடங்கியது. பஸ் கிடைக்காமல் பிள்ளைகள் தவிப்பார்கள் என்று அரை மணி நேரம் தள்ளிவைத்திருந்தார்கள். அப்படியும் மாநிலத்தில் 34,000 பேருக்கு மேல் அன்று எழுத வரவில்லை. அவர்களுக்காகவே ஜூலை 27இல் மறுதேர்வு வைத்தார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. படுத்த இடத்திலிருந்து எழுந்துபோய் எழுதலாம். எழுதி முடித்த பிறகுதான் சிக்கல்.

நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஏளனமாகப் பேசுவதுண்டு. விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி, மனப்பாடம் செய்யவைத்து, மார்க்கை முட்டை மாதிரி அட்டையில் அடுக்குவார்கள் என்று. ஏளனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதில் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேரின் அப்பன் லாரியிலும் ரிக்கிலும் இருக்கிறான் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. வீட்டில் ஆண் துணை இல்லை, பெண்பிள்ளையை பஸ்ஸில் அனுப்பி எடுக்க முடியாது, ஹாஸ்டலில் போட்டால் நிம்மதி. அக்காவின் கணக்கு அதுதான்.

ஸ்கூட்டியில் எலச்சிபாளையம் தாண்டிப் போனபோதே எதிரில் கார்கள். கூரையில் மெத்தை, பக்கெட், டிரங்குப் பெட்டி கட்டிய கார்கள். பள்ளி கேட்டுக்கு வெளியே விழுப்புரம், தர்மபுரி, திருவாரூர் என்று எல்லா ஊர்ப் பதிவெண்களும் நின்றன. தூரத்து ஊர்க்காரர்களின் முகத்தில் ஒரே கணக்கு: ஆறு மணிக்குள் எத்தனை மாவட்டம் தாண்டலாம். மரத்தடியில் ஒரு பெரியவர் மஞ்சப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். பேத்திக்காக நாகப்பட்டினத்திலிருந்து முந்தின நாளே கிளம்பி வந்தவர். திரும்பிப் போக பஸ் உண்டா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டார். தஞ்சாவூர் வரை போகிற ஒரு காரில் இருவருக்கும் இடம் பேசி வைத்தது அங்கே நின்ற இன்னொரு தகப்பன். அந்தக் காரில் ஏற்கெனவே ஆறு பேர்.

ஒன்றே முக்காலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடி வந்தபோது ஒருத்திக்கும் நோயைப் பற்றிய நினைப்பில்லை. கட்டிப்பிடித்து அழுதார்கள், சட்டையில் கையெழுத்துப் போட்டார்கள், இங்க் தெளித்தார்கள். வார்டன் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் அக்கா மகள் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, அப்பா கெளம்பிட்டாங்களா?" இரண்டாவது: "ஒரு அஞ்சு மார்க் சொதப்பிட்டேன், அம்மாகிட்டச் சொல்லிராதீங்க."

ஸ்கூட்டியில் டிரங்குப் பெட்டி ஏறாது. பெட்டியையும் மெத்தையையும் ஹாஸ்டலிலேயே போட்டுவிட்டு, பக்கெட்டுக்குள் புத்தகங்களை அடுக்கி முன்னால் வைத்துக்கொண்டோம். நீட் புத்தகம் மட்டும் அவள் மடியில். அந்த வருஷம் நீட் மே 3இல் என்று இருந்தது. அது செப்டம்பர் 13க்குப் போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நாமக்கல்லில் வேலை அப்பாவின் மாத்திரை. மருந்துக்கடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆட்களை நிற்கவைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் நின்றவர்கள் எல்லோரும் மூன்று மாத மாத்திரை கேட்டார்கள், கடைக்காரர் ஒரு மாதத்துக்குத்தான் கொடுத்தார். மாஸ்க் இல்லை, சானிடைசர் இல்லை என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தது. மலைக்கோட்டையைச் சுற்றிய தெருக்களில் காய்கறிக்கு ஒரே தள்ளுமுள்ளு. ஆஞ்சநேயர் கோயிலுக்குள் ஆட்களை விடவில்லை. மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற பதினெட்டடி சாமி. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். பாடி கட்டுகிற பட்டறைகளில் ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அரைகுறையாக மரச்சட்டம் அடித்த லாரிகள் உள்ளே. பைபாஸில் மட்டும் காஸ் டேங்கர்கள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கு ஊரடங்கு கிடையாது. எல்லோரும் வீட்டில் இருந்தால் அடுப்பு கூடுதலாகத்தான் எரியும்.

திரும்புகிற வழியில் பெரியப்பா மகனின் கோழிப்பண்ணை. முட்டை வாங்கிப் போகலாம் என்று நுழைந்தோம். அண்ணன் பண்ணை வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் சக்கரத்தை நனைத்துத்தான் உள்ளே விட்டார். பறவைக் காய்ச்சலுக்குப் பயந்து பண்ணைகளில் வெகுநாளாக இருக்கிற பழக்கம். கையைக் கழுவு, காலை நனை, வெளியாள் உள்ளே வராதே என்பதெல்லாம் நாமக்கல் கோழிகளுக்கு முன்பே தெரியும்.

அண்ணனுக்கு அந்த மாதமே அடி மேல் அடி. கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளி ஒன்று. மார்ச் முதல் வாரத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து, கேரளா முட்டை வண்டிகளைச் சோதித்து நிறுத்தியது இரண்டு. பள்ளிகள் மூடியதால் சத்துணவு முட்டை நின்றது மூன்று. விலை தீவனச் செலவுக்குக்கூடக் கட்டவில்லை. இப்போது இது.

"தறிக்காரன் சுவிச்ச அமுத்துனா தறி நின்னுரும். லாரிக்காரன் சாவியத் திருகுனாப் போதும். இதுக்கு எங்க அம்மிணி சுவிச்சு இருக்குது?" என்று கூண்டு வரிசையைக் காட்டினார். ஒரு முட்டைக்கோழி நாளைக்கு நூற்றுப் பத்து கிராம் தீவனம் தின்னும். அண்ணனிடம் ஐம்பதாயிரம் கோழி. ஐந்தரை டன் தீவனம், தினமும். மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வர வேண்டும், சோயாப் புண்ணாக்கு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசத்திலிருந்து. குடோனில் அவரிடம் இருந்தது நாலு நாளைக்கு. இன்னொரு பக்கம், தின்றாலும் தின்னாவிட்டாலும் நாளைக் காலையில் கோழி முட்டை போடும். நாமக்கல் வட்டாரத்தில் தினம் மூன்று கோடிக்கு மேல். பங்குனி வெயிலில் முட்டையை ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் வெளியில் வைக்க முடியாது. முட்டை அடுக்குகிற காகித அட்டை போடும் ஆலையும் மூடிவிட்டதாம். "அட்ட இல்லாம முட்டயக் கையிலயா புடிச்சுக்கிட்டு நிக்கறது?"

வேலைக்கு இருந்த ஒடிசாக் குடும்பங்கள் பண்ணைக்குள்ளேயே தங்கியிருந்தன. ஒரு பெண் கூண்டுக்கு அடியில் உருண்டு வந்த முட்டைகளை அட்டையில் எடுத்துக்கொண்டே போனில் ஒடியாவில் பேசினாள், நடுநடுவே 'லாக்டவுன்' என்று கேட்டது. அண்ணன் அவர்களுக்கு அரிசி மூட்டை இரண்டு இறக்கியிருந்தார். "இவங்க போயிட்டாங்கன்னா நானும் என்ற பொண்டாட்டியும் அம்பதாயிரத்தையும் பாக்கோணும்" என்றார். தயவு என்று சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று அட்டை முட்டை கட்டிக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார். "எடுத்துட்டுப் போ. முப்பது அட்ட வேணும்னாலும் எடுத்துட்டுப் போ."

பக்கெட், புத்தகம், தொண்ணூறு முட்டை, பின்னால் ஒரு பெண். ஸ்கூட்டி இருபதுக்கு மேல் போகவில்லை. திருச்செங்கோட்டு எல்லையில் போலீஸ் தடுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மணி ஐந்து ஐம்பது. ஏட்டு கடிகாரத்தைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், அவளுடைய யூனிபாரத்தில் இருந்த இங்க்கைப் பார்த்தார். "பரிச்ச எப்படிம்மா?" என்றார்.

"ஈஸிதாங்க சார்" என்றாள். அஞ்சு மார்க் கணக்கு அவருக்குத் தேவையில்லை.

எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். அப்பாவுக்கு இந்தி தெரியாது. கீழே ஓடுகிற தமிழ் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. பேத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். நள்ளிரவு பன்னிரண்டு மணியிலிருந்து, நாடு முழுக்க, இருபத்தொரு நாள். மார்ச் 31 வரை என்று நினைத்திருந்த கணக்கெல்லாம் ஏப்ரல் 14க்குப் போனது. "இருவத்தொண்ணா?" என்று அப்பா மறுபடி கேட்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அரிசி இருந்தது. ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் தருவதாக அன்றைக்குத்தான் மாநில அரசு சொல்லியிருந்தது. காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள், பாதி. தவிடு ஐந்து மூட்டை. முட்டை தொண்ணூறு. எல்லாவற்றையும் எண்ணிவிட்டு வந்து போனை எடுத்தாள். சிந்த்வாராவுக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு மாமாவே கூப்பிட்டார். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்த இடம் கிடைத்துவிட்டது, பங்க் முதலாளி நல்ல மனுஷன், டீசலுக்குக் கடன் சொல்லியிருக்கிறேன் என்றார். மாடு அந்த நேரத்தில் கத்தியது. கிடாரிக் கன்று. டாக்டர் வரவில்லை, அம்மாவும் அக்காவும்தான்.

அதற்கடுத்த நாட்களில் அந்த வீடு காத்திருந்ததைவிட நாமக்கல் மாவட்டத்தின் வேறு வீடுகள் அதிகம் காத்திருந்தன. மகாராஷ்டிரத்தில் வேலையிலும் பயிற்சியிலும் இருந்த பையன்கள் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். நாக்பூரிலிருந்து ஹைதராபாத் வழியாக வருகிற 44ஆம் எண் சாலைதான் கடைசியில் நாமக்கல் ஊரைத் தொட்டுப் போகிறது. ரோட்டைப் பிடித்தால் வீடு வரும் என்பது சரியான கணக்குதான், தூரத்தைத் தவிர. அப்படி நடந்து வந்த ஒரு நாமக்கல் பையன் ஏப்ரல் தொடக்கத்தில் செகந்திராபாத்தில் ஒரு தங்குமிடத்தில் உட்கார்ந்த இடத்திலேயே இறந்துபோனான். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா டிவியை நிறுத்திவிட்டு, மாமாவுக்குப் போன் போட்டு, "நடக்கறேன் கிடக்கறேன்னு எவன் கூடவும் கெளம்பிராதீங்க" என்று மட்டும் சொன்னாள். சத்தீஸ்கர்ப் பையன்கள் அதற்கு முன்பே நடந்துவிட்டிருந்தார்கள்.

மாமா வந்து சேர்ந்தது மே மாதம், பாஸ் வாங்கி, வண்டியோடு. பதினாலு நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். வீட்டுக்குள் விடாமல் தோட்டத்துச் சாலையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். கன்றுக்குட்டிக்கு அந்தச் சட்டமெல்லாம் இல்லை, அது போய் அவர் கையை நக்கியது. வேலிக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அவர். நடுவே இருபது அடி. தாடியும் கறுத்த முகமுமாக நின்றுகொண்டு அவர் கத்தினார்:

"கெமிஸ்ட்ரி எப்படி எழுதுன?"

"அதெல்லாம் மார்ச்லயே எழுதியாச்சுப்பா!"

"எழுதுனது தெரியும். எத்தன வரும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.